கண்மாய்க்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு



ஞாயிற்றுக்கிழமை கருக்கலிலேயே மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கிளம்பி, கழுத்தில் பைனாகுலரும் தோளில் நீண்ட லென்ஸுமாக எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் வந்து இறங்குகிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. பதினோரு வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே கரையில் நடக்கிறேன். எதிர்ப்பட்டால் கையசைத்துக்கொள்வோம். உங்களில் சிலர் பைனாகுலரைக் கழற்றி என் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டிவிட்டதும் உண்டு. அந்த நன்றியை மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் மனசில் கிடப்பதைச் சொல்லப் போகிறேன்.

போன சித்திரையில் ஒரு நாள். கண்மாய் வற்றி, மடைக்குப் பக்கத்தில் மட்டும் குட்டை அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. உள்வாயில், வெடித்துக் கிடந்த தரையில், ஆள்காட்டி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சரளைக்கல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். முட்டையும் மண் நிறம். உங்களில் ஆறு பேர் அதைக் கண்டுபிடித்து அரைவட்டமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தீர்கள். மணி பத்தரை இருக்கும். நான் எதிர்க்கரையில் பிள்ளைகளோடு நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. பிறகு குட்டைக்குப் போய் நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் அழுத்தி நனைத்துக்கொண்டு வந்தது. வெயில் காலத்தில் ஆள்காட்டி முட்டையைக் குளிரவைப்பது இப்படித்தான். ஈர வயிற்றை முட்டைமேல் வைத்து அமர்ந்துகொள்ளும். காய்ந்ததும் மறுபடி போய் நனைத்து வரும். அன்றைக்கு நனைந்த வயிற்றோடு உங்களுக்கு இருபதடி தள்ளி வந்து நின்றது. நீங்கள் நகரவில்லை. இரண்டடி ஓடிவந்தது, நின்றது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. வயிற்று இறகிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது முதலில் நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றது. அப்புறம் இறகு காய்ந்து பழைய வெள்ளைக்கே வந்துவிட்டது. அது மறுபடி குட்டைக்குப் போனது.

நான் கரையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அய்யா உங்களிடம் வந்துவிட்டார். "தம்பிகளா, வெயில்ல முட்டை வெந்துபோகும், எந்திரிச்சு வாங்கய்யா" என்றார். உங்களில் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு நிமிஷம் தாத்தா" என்றார். நான் வந்து கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுந்தீர்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் இரண்டு முட்டைதான் இருந்தன. அந்த இரண்டும் பொரிக்கவே இல்லை.

நீங்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பறவைமேல் ஆசை இல்லாமல் யாரும் சித்திரை வெயிலில் கட்டாந்தரையில் உட்கார மாட்டார்கள். ஆனால் அந்த ஆசையால் அந்தப் பறவைக்கு என்ன ஆனது என்பதை யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேட்டை என்ற சொல்லுக்கு அது தருகிற விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்த்தி. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்பதில்லை. உங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன். இப்போது தெரிந்துவிட்டது.

மரத்தில் கூடு கட்டுகிற பறவைகளுக்கும் இதே கதிதான். மஞ்சள்மூக்கு நாரை உச்சிவெயிலில் இறக்கையை விரித்துக் குடைபோல நின்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகான படம் அது. உங்கள் நடமாட்டத்தால் மிரண்டு அது எழுந்து பறந்தால், இறகு முளைக்காத குஞ்சின் முதுகில் வெயில் நேராக விழுகிறது. காக்கையும் பருந்தும் பக்கத்திலேயே காத்திருக்கின்றன. நாம் போன பிறகு அங்கே நடப்பது எந்தப் படத்திலும் வருவதில்லை.

கைப்பேசியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கிற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் புளியமரப் பொந்தில் இருந்த புள்ளி ஆந்தைக்கு ஒரு மாலை முழுவதும் அதன் குரலையே திரும்பத் திரும்பப் போட்டீர்கள். தன் இடத்துக்குள் வேறொரு ஆந்தை வந்துவிட்டது என்று அது அலறிக்கொண்டே இருந்தது. இரை தேட வேண்டிய நேரம் இல்லாத எதிரியை விரட்டுவதிலேயே போனது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் நடத்தை சம்பந்தப்பட்டவை, எடுத்துச் சொன்னால் நீங்கள் திருத்திக்கொள்வீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அன்று அந்த அய்யாவை நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் அது.

அவர் யார் தெரியுமா? அந்த உள்வாயில் எந்த இடத்தில் ஆள்காட்டி முட்டை வைத்திருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் பார்த்து, ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் வளைத்து ஓட்டிப்போகிறவர். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. நீங்கள் அந்தக் கூட்டைப் பார்க்க முடிந்ததே அவர் அதை அத்தனை நாள் காத்துவைத்திருந்ததால்தான்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பெருமை இல்லை. தமிழ்நாட்டில் நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். வேடந்தாங்கல் ஏரி சரணாலயம் என்று பெயர் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே ஊராரின் காவலில் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்கிற வயலில் நெல் செழிக்கும் என்பது அந்த விவசாயிகளின் கணக்கு. வயிற்றுப்பாட்டுக் கணக்கும் பறவையின் மேலிருந்த பிரியமும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

கூந்தன்குளத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே பறவைகள் தெருவிலுள்ள மரங்களிலும் வீட்டுப் புழக்கடை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அந்த வாடையையும் இரைச்சலையும் சகித்துக்கொண்டு, பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று சொல்கிற மக்கள் அவர்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அந்த ஊர்க்காரர். கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமானது. பறவைகள் அதற்கு முன்பே ஊராரை நம்பி வந்துகொண்டிருந்தன.

எங்களுக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்து வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு தீபாவளியன்று நான் அங்கே போயிருந்தேன். புதுச்சட்டை போட்ட ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து, வனத்துறையினர் கொடுத்த இனிப்பைத் தின்றுகொண்டிருந்தான். தூரத்தில் வேறு ஊர்களில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒங்களுக்கு வெடிக்கணும்னு ஆசையா இல்லையா?" என்று கேட்டேன். "குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்ல" என்றான். அதற்கு மேல் பேச்சில்லை, இனிப்புப் பெட்டியில் அடுத்த துண்டைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பையன் விட்டுக்கொடுத்ததில்தான் நீங்களும் நானும் படம் எடுக்கிறோம், பட்டியல் போடுகிறோம். பதிலுக்கு அவனுடைய ஊருக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? நீங்கள் வருகிறீர்கள், பார்க்கிறீர்கள், போகிறீர்கள். படம் வெளியே வருகிறது. கூடு இருக்கும் இடமும் அதோடு வெளியே வந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு பதினைந்து வண்டி வருகிறது. பட்டியல் ஆங்கிலப் பெயரோடு உங்கள் கைப்பேசியிலிருந்து எங்கோ ஏறிவிடுகிறது. அந்தக் கண்மாயை நம்பி வயல் வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது.

இந்தப் பட்டியல் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். நான் உங்களிடம் கேட்கப் போவது இதைச் சுற்றித்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம். எங்கள் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்கள் ஏலம் போயின. மரத்துக்கு மரம் கூடு. நத்தைகுத்தி நாரையும் உண்ணிக்கொக்கும் நீர்க்காகமும் அடுக்கடுக்காக வைத்திருந்தன. பாதிக் கூட்டில் குஞ்சு. வெட்ட ஆள் வந்தபோது ஊரார் பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் கடுமையாகப் பேசவில்லை. மூன்று கேள்விதான் கேட்டார். எத்தனை கூடு? எத்தனை வருடமாகக் கட்டுகின்றன? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆட்டுக்கார அய்யாவுக்கு நாற்பது வருடக் கணக்கு வாயில் இருந்தது. ஒரு விண்ணப்பத்தோடு சேர்த்து நீட்ட அது காகிதமாகவில்லை.

வெட்டினார்கள். விழுந்த மரத்துக்கடியில் குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். நாரைக் குஞ்சு ஒன்றை ஐந்தாம் வகுப்புப் பெண் தன் பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்து, "டீச்சர், இதை எங்க வைக்க?" என்று கேட்டாள். வைக்க இடமில்லை. மூன்று வருடம் எங்கள் கண்மாயில் நாரை கூடு கட்டவில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகளோடு நடக்க ஆரம்பித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, பறவையின் பெயர், எண்ணிக்கை, கூடு என்று கோடு போட்டோம். சில வருடம் கழித்துத்தான் உங்களில் ஒருவர் எனக்கு அறிமுகமானார். தம் பழைய குறிப்பேட்டை ஆசையோடு எடுத்துக் காட்டினார். அதில் எங்கள் கண்மாய் இருந்தது. அந்த மாசிக்கு முந்தைய நான்கு வருடமும் இருந்தன, கூடுகளின் எண்ணிக்கை உட்பட. எனக்குக் கை நடுங்கிவிட்டது. நாங்கள் அலுவலக வாசலில் வெறுங்கையோடு நின்ற அன்றைக்கு, எங்களுக்கு வேண்டிய காகிதம் மதுரையில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. அவர் நல்ல மனிதர். யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படி ஒருவரைத் தேட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

உங்கள் கணக்குக்கு எவ்வளவு வலு உண்டு என்று உங்களுக்கே தெரியும். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிக் குறிப்புகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338. அவற்றில் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன. நம் பனங்காடையும் ஊசிவால் வாத்தும் அதில் உண்டு. இதைப் படித்துவிட்டு ஆட்டுக்கார அய்யாவிடம் பனங்காடையைப் பற்றிக் கேட்டேன். "முந்தி கரண்டுக் கம்பிக்கு ஒண்ணு உக்காந்திருக்கும் தாயி. இப்ப இந்தக் கரையில ரெண்டுதான்" என்றார். நாடு முழுக்கத் திரட்டிய கணக்கும் அவர் கண்ணால் எடுத்த கணக்கும் ஒன்றையே சொல்கின்றன. ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. அவற்றைச் சந்திக்கவைக்க உங்களால் முடியும்.

முடியும் என்பதற்குச் சாட்சியாக அரிட்டாபட்டி பக்கத்திலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகுடு வல்லூறு, ராஜாளி முதலிய வேட்டைப் பறவைகளும் சுமார் 250 வகைப் பறவைகளும் அங்கே உண்டு என்ற பதிவு அதற்குத் துணைநின்றது. அந்தப் பட்டியல் ஒரு நாளில் வந்ததில்லை. மலைமலையாக ஏறி இறங்கியவர்கள் வருடக்கணக்கில் சேர்த்தது. 2024-இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்திருக்கிறது என்று தெரிந்தபோது கிராம சபைகள் கூடித் தீர்மானம் போட்டன. நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நின்று வென்றவர்கள் ஊர் மக்கள். ஆனால் அவர்கள் கையில் காட்டுவதற்குப் பறவைக் கணக்கும் இருந்தது என்பதை நீங்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. சரணாலயம் என்ற பெயர் கிடைத்தவை மிகச் சில. மற்றவற்றில் என்ன நடக்கும் என்பது சின்னச் சின்ன முடிவுகளில் இருக்கிறது. எந்த மாதம் மரம் வெட்டுவது, வண்டலை எந்த மூலையில் அள்ளுவது, மீன்பாசிக் குத்தகைக்கு என்ன நிபந்தனை போடுவது, மீன்பிடித் திருவிழாவை எப்போது வைப்பது. குத்தகைக்காரர் நீர்க்காகத்தை வெடி போட்டு விரட்டுகிறார் என்று நீங்கள் கோபப்படுகிறீர்கள். அவர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர். அவரை எதிரியாக்கிக்கொண்டு எந்தக் கண்மாயையும் காப்பாற்ற முடியாது. ஏலம் விடும்போதே வெடி போடக்கூடாது என்ற நிபந்தனையை எழுதி, அதற்கேற்பக் குத்தகைத் தொகையைக் குறைத்தால் அவரும் ஒப்புக்கொள்வார். அப்படி எழுதவைக்கிற இடம் ஊர்க்கூட்டமும் கிராம சபையும்தான். அங்கே உங்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு மிச்சமிருந்த மரங்களும் ஏலத்துக்கு வரப்போவதாகப் பேச்சு வந்தது. இந்தமுறை நோட்டு இருந்தது. பொங்கல் லீவில் பிள்ளைகள் கூடுகளை எண்ணினார்கள். எட்டு வருடக் கணக்கை ஒரே தாளில் தமிழில் எழுதினோம். ஜனவரி 26 கிராம சபையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை எழுந்து வாசித்தாள். சேற்றில் கிடந்த குஞ்சைப் பாவாடையில் ஏந்தி வந்தவளின் தங்கை. அவள் நாரை என்று மட்டும் சொல்லாமல் ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னாள். கரண்டிவாயன் என்றதும் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "அத நாங்க செப்புவாயன்னு சொல்லுவோம்" என்று ஒருவர் சொன்னார். அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொண்டாள். ஆனி பிறக்கும்வரை மரத்தில் கைவைப்பதில்லை, மடைக்கும் கலுங்குக்கும் நடுவில் நிற்கிற முப்பது மரத்தை வெட்டவே வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் இருந்தார்கள். மர வருமானம் போய்விடுமே என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது, அன்றைக்கு நெடுநேரம் பேசினோம். அந்த முப்பது மரமும் இன்றைக்கும் நிற்கின்றன.

ஒரு பள்ளிக்கூட நோட்டு இதைச் செய்தது. உங்கள் கையில் அதைவிட எவ்வளவோ நல்ல கருவிகள் இருக்கின்றன. தூரத்து உள்ளானை இனம் பிரிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. பொங்கலை ஒட்டி நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் உங்களில் பலர் கலந்துகொள்கிறீர்கள். அது முடிந்து பத்து நாளில் ஜனவரி 26 கிராம சபை வருகிறது. அந்தப் பத்து நாளில் நீங்கள் எடுத்த கணக்கு அந்த ஊருக்கு நடந்துபோக வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புதுப் புது இடமாக ஓடுவதை ஒரு வருடத்துக்கு நிறுத்திவையுங்கள். உங்கள் குழு ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். பேர்பெற்ற இடமாக இருக்க வேண்டியதில்லை, பேரில்லாத கண்மாயாக இருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு மாதமும் அங்கேயே வாருங்கள். தண்ணீர் ததும்புகிற கார்த்திகையிலும் வாருங்கள், புழுதி பறக்கிற வைகாசியிலும் வாருங்கள். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை 46 வருடம் ஒரே பத்தியைத் தொடர்ந்து எழுதினார். வீட்டுக்குப் பக்கத்தில் பார்க்கும் காக்கையும் மைனாவும்கூட அவருக்கு எழுதத் தீராத விஷயமாக இருந்தன. ஓரிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பறவை ரசனை குறைந்துவிடாது.

வந்ததும் முதலில் கரையில் எதிர்ப்படுகிறவரிடம் பேசுங்கள். நீர்ப்பாய்ச்சி இருப்பார், ஆடு மேய்ப்பவர் இருப்பார், துணி துவைக்கிற பெண்கள் இருப்பார்கள். இந்த வருடம் எந்த மரத்தில் முதலில் கூடு வைத்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுக்கிற பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்க்க ஆரம்பித்தால் அதுவே எல்லை, அங்கிருந்து பின்னால் வாருங்கள். கூடு இருக்கும் இடத்தைக் குஞ்சு பறந்துபோகும்வரை யாருக்கும் சொல்லாதீர்கள். ஊர்ப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் பைனாகுலரைக் கொடுங்கள், பதற்றப்படாமல் கொடுங்கள்.

தை பிறந்ததும் அந்த வருடத்துக் கணக்கை ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை கூட்டில் இருந்தது. போதும். கிராம சபையில் அந்த ஊர் வாக்காளர்தான் முடிவெடுக்க முடியும், வெளியூர்க்காரருக்கு அங்கே உரிமை இல்லை. ஆகவே அந்தத் தாளை ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள், கேள்வி வந்தால் பதில் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது பராமரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் உங்கள் தாளைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், அதைத் தேடவைப்பதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.

வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒரு காலை நிம்மதியாக இருக்கத்தானே வருகிறோம், இதையெல்லாம் ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று சிலர் கேட்பீர்கள். கேட்பது நியாயம். அந்த நிம்மதியை எனக்கும் தெரியும். பனி மூடிய தண்ணீரில் முக்குளிப்பான் ஒன்று மூழ்கி எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும் ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒரு வாரத்துப் பாரம் இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிடம் அடுத்த வருடமும் நமக்கு வேண்டுமென்றால், வருடத்தில் ஒரு நாள் கிராம சபைப் பந்தலில் நாம் உட்கார்ந்தாக வேண்டும்.

எங்கள் கண்மாயில் இப்போது தண்ணீர் இருக்கிறது. அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் பிள்ளைகளும் கலுங்குப் பக்கம் நிற்போம். ஆட்டுக்கார அய்யாவும் வருவார். அன்றைக்கு ஆள்காட்டிக் கூட்டருகே உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அவசியம் வாருங்கள். வந்ததும் முதலில் அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

அன்புடன்,
கரையில் உங்களோடு நடக்கிற ஒருத்தி